சிறைமுகாமில் ஒரு பங்குக்குரு

இராணுவக் குருவானவர் எமில் கபான் (1916 – 1951)

ஆலயம் எழுப்பியவர்கள், மணி வாங்கிக் கொடுத்தவர்கள், கெபி கட்டியவர்கள், நம்மிடையே பல்லாண்டு உழைத்து மறைந்த பங்குக்குருக்கள் ஆகிய அனைவரையும் யூபிலி ஆண்டில் நன்றியோடு நினைவுகூர்கிறோம். இவ்வேளையில், கோவிலும் பீடமும் இல்லாமல், அப்பமும் இரசமும்கூடக் கிடைக்காமல் ஒரு பங்கை நடத்திக் காட்டிய குருவானவர் ஒருவரைப் பற்றியும் சிறிது சிந்திப்பது நமக்குப் பயன் தரும் என்று எண்ணுகிறோம்.

அவர் அமெரிக்க இராணுவத்தில் கேப்டன் பதவி வகித்தவர். தாய்நாட்டுக்கு ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால், வடகொரியாவின் சிறைமுகாம் ஒன்றில், 1951-ஆம் ஆண்டு மே 23-ஆம் நாள் தமது 35-ஆம் வயதில் உயிர் நீத்தவர். அவர் பெயர் எமில் கபான். இராணுவத்தில் பணிபுரியும் குருவானவருக்கு அதிகாரியின் பதவியும் சீருடையும் உண்டு; ஆயுதம் மட்டும் இல்லை. வீரர்கள் எங்கே போகிறார்களோ அங்கே அவரும் போவார். பாவசங்கீர்த்தனம் கேட்பார், திருப்பலி நிறைவேற்றுவார், சாகிறவர்களின் அருகில் இருப்பார். தந்தை கபான் இந்தப் பணியை எவ்வளவு தூரம் கொண்டு சென்றார் என்பதே அவருடைய வாழ்க்கை வரலாறு.

விவசாயியின் மகன்

அமெரிக்காவின் நடுப்பகுதியில், கோதுமை விளையும் சமவெளிகளைக் கொண்ட கான்சாஸ் மாநிலத்தில் பில்சன் என்றொரு சிற்றூர். பொஹீமியாவிலிருந்து குடியேறிய செக் மக்கள் வாழ்ந்த ஊர் அது. அவ்வூருக்கு அருகே ஒரு பண்ணை வீட்டில் 1916 ஏப்ரல் 20-ஆம் நாள் எமில் பிறந்தார். அந்த ஆண்டு அது பெரிய வியாழக்கிழமை. நம் ஆண்டவர் குருத்துவத்தை ஏற்படுத்தியதை நினைவுகூரும் நாளிலேயே ஒரு குருவானவர் பிறந்தார் என்பதை எண்ணி நாம் மகிழலாம்.

தந்தை ஈனோஸ், தாய் எலிசபெத். செல்வக் குடும்பமன்று; உழைத்தால்தான் உணவு. மாடு கறப்பதும், வேலி கட்டுவதும், உடைந்த கருவிகளைக் கையிலுள்ள பொருள்களைக் கொண்டே செப்பனிடுவதும் சிறுவன் எமிலுக்குக் கைவந்த கலை. ஊர்க் கோவிலில் அவன் பீடச் சிறுவன். அக்கோவிலின் பாதுகாவலர் நெப்போமுக் புனித அருளப்பர். பாவசங்கீர்த்தன இரகசியத்தைக் காக்கத் தம் உயிரையே கொடுத்தவர் என்று போற்றப்படும் குருவானவர். ஒரு குரு எதுவரை செல்ல வேண்டும் என்பதை அந்தச் சிறுவன் நாள்தோறும் பீடத்தருகே நின்று கற்றிருக்க வேண்டும்.

மிசூரி மாநிலத்தில் ஆசீர்வாதப்பர் சபையார் நடத்திய கல்லூரியிலும், பின்னர் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள கென்ரிக் குருமடத்திலும் பயின்று, 1940 ஜூன் 9-ஆம் நாள் விச்சிட்டா மறைமாவட்டத்துக்காகக் குருப்பட்டம் பெற்றார். சொந்த ஊரான பில்சனுக்கே உதவிக் குருவாக அனுப்பப்பட்டார். பிறகு அதே பங்கின் பொறுப்பும் அவரிடம் வந்தது. பிறந்த ஊரில் குருவாக இருப்பதன் சங்கடம் நமக்குத் தெரியாததன்று. தம்மைச் சிறு பிள்ளையாகப் பார்த்த பெரியவர்கள் தம்மிடம் மனம் திறந்து பேசத் தயங்குவார்களோ என்று அவர் எண்ணினார். இதற்கிடையில் அருகிலுள்ள ஹெரிங்டன் விமானப்படைத் தளத்து வீரர்களுக்கும் அவர் ஞான உதவி செய்து வந்தார். வீட்டைவிட்டு வந்த இளைஞர்கள் அவர்கள். நாளை உயிரோடு இருப்போமா என்று அறியாதவர்கள். அவர்களிடையே பணிபுரிய அவர் மனம் நாடியது. ஆயரின் அனுமதியுடன் 1944-இல் இராணுவக் குருவானார்.

இந்திய, பர்மா மண்ணில்

இரண்டாம் உலகப் போரின் இறுதியில், 1945-இல், அவர் அனுப்பப்பட்ட இடம் நமக்கு அறிமுகமானது. இந்தியாவின் வடகிழக்கு எல்லையிலும் பர்மாவிலும் இருந்த அமெரிக்கப் படையினரிடையே 1946 வரை அவர் பணியாற்றினார். பர்மா என்ற பெயரை நம் பெரியவர்கள் கண்ணீரோடு உச்சரித்த காலம் அது. காடும் மலையுமான அப்பகுதியில் சிதறிக் கிடந்த முகாம்களை ஜீப்பிலும் விமானத்திலும் சென்று சந்திக்க, மாதந்தோறும் ஏறத்தாழ 2,000 மைல்கள் அவர் பயணம் செய்தார். தம்மிடம் வர முடியாதவர்களைத் தேடிப் போக வேண்டும் என்ற வழக்கம் இங்கேயே அவரிடம் ஊறிவிட்டது. 1946 ஜனவரியில் கேப்டனாக உயர்த்தப்பட்டார்.

போர் முடிந்து நாடு திரும்பியவர், வாஷிங்டன் நகரிலுள்ள கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் கல்வியியலில் முதுகலைப் பட்டம் பெற்று, மீண்டும் கிராமப் பங்கு ஒன்றில் பொறுப்பேற்றார். அமைதியாக அங்கேயே இருந்திருக்கலாம். ஆனால் படைவீரர்களுக்குப் போதிய குருக்கள் இல்லை என்பதை அவரால் மறக்க முடியவில்லை. 1948-இல் மீண்டும் இராணுவத்தில் சேர்ந்தார். 1950-இன் தொடக்கத்தில் ஜப்பானுக்கு அனுப்பப்பட்டார். பெற்றோரிடம் விடைபெற்றுச் சென்ற அவர் உயிரோடு வீடு திரும்பவில்லை.

கொரியப் போர்முனை

1950 ஜூன் 25-ஆம் நாள் வடகொரியப் படைகள் தென்கொரியாவுக்குள் நுழைந்தன. அடுத்த மாதமே தந்தை கபான் தம் படைப்பிரிவோடு கொரியாவில் இறங்கினார். அவர் இருந்தது 8-ஆம் குதிரைப்படை ரெஜிமெண்ட். பெயரில்தான் குதிரை, உண்மையில் அவர்கள் கால்நடையாகப் போரிட்ட வீரர்கள்.

அவருடைய ஜீப்பும் பூசைப் பொருள்களும் குண்டுவீச்சில் சேதமடைந்தபோது, எங்கிருந்தோ ஒரு பழைய சைக்கிளைப் பிடித்து, அதிலேறிப் போர்முனையைச் சுற்றி வந்தார். ஜீப் கிடைத்த நாள்களில் அதன் முன்மூடியே அவருக்குப் பீடம். அதன்மேல் திருவிரிப்பை விரித்து அவர் திருப்பலி நிறைவேற்றும் நிழற்படம் இன்று உலகெங்கும் அறியப்பட்டது. அவர் வாயில் இருந்த புகைக்குழாயை ஒருமுறை துப்பாக்கிக் குண்டு உடைத்துச் சென்றதும் உண்டு. ஆகஸ்டு 2-ஆம் நாள் கும்சோன் என்ற இடத்தருகே, இயந்திரத் துப்பாக்கிகள் சுட்டுக்கொண்டிருக்க, காயமடைந்து கிடந்த வீரர் ஒருவரைத் தேடிச் சென்று மீட்டு வந்தார். அதற்காக அவருக்கு வெண்கல நட்சத்திரப் பதக்கம் வழங்கப்பட்டது. சண்டை ஓய்ந்த இரவுகளில் இறந்த வீரர்களின் குடும்பங்களுக்குக் கடிதம் எழுதுவார். மகன் எப்படி இறந்தான் என்று அறியத் துடிக்கும் தாய்க்கு அந்தக் கடிதம் எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும்!

ஆன்மாக்கள் திருநாளில்

சகல பரிசுத்தவான்கள் திருநாளான 1950 நவம்பர் 1-ஆம் நாள் இரவு, வடகொரியாவில் உன்சான் என்ற ஊரருகே இருந்த அப்படையைச் சீனப் படைகள் பெருந்திரளாகச் சூழ்ந்துகொண்டன. விடிந்தபோது நவம்பர் 2, இறந்த விசுவாசிகளின் திருநாள். தப்பிச் செல்ல வழி இருந்தவர்கள் தப்பிச் செல்லுமாறு கட்டளை பிறந்தது. தந்தை கபானும் போயிருக்கலாம். போகும்படி அவருக்கும் சொல்லப்பட்டது. ஆனால் காயமடைந்தவர்களால் நடக்க முடியாதே! அவர்களை விட்டுச் செல்ல அவர் மறுத்துவிட்டார். படை மருத்துவர் ஒருவரும் அவரோடு தங்கினார்.

பதுங்குகுழியில் கிடந்த காயம்பட்டோருள் சீன அதிகாரி ஒருவரும் இருந்தார். எதிரி எனினும் அவருக்கும் சிகிச்சை அளிக்கப்பட்டிருந்தது. பதுங்குகுழிக்குள் குண்டு வீசாமல் இருக்கத் தம் ஆட்களிடம் பேசும்படி தந்தை அவரை வேண்டினார். அவரும் குரல்கொடுத்தார், உள்ளே இருந்தவர்கள் உயிரோடு பிடிபட்டனர்.

பிடிபட்டு வெளியே நடத்திச் செல்லப்பட்டபோது, சாலையோரப் பள்ளத்தில் கணுக்கால் நொறுங்கிக் கிடந்த ஹெர்பர்ட் மில்லர் என்ற வீரரின் தலைக்கு நேரே ஒரு சீனச் சிப்பாய் துப்பாக்கியை நீட்டி நிற்பதைத் தந்தை கண்டார். தம்மைப் பிடித்திருந்தவர்களை விட்டு விலகி நேரே அங்கே நடந்தார். துப்பாக்கியைக் கையால் ஒதுக்கிவிட்டு, மில்லரைத் தூக்கி நிறுத்தித் தம் தோளில் சுமந்துகொண்டார். அந்தச் சிப்பாய் திகைத்தானோ, மனம் இளகினானோ, சுடவில்லை. வடக்கு நோக்கிய நீண்ட நடையில், மில்லரைத் தாம் சுமந்ததோடு, சோர்ந்து விழுந்தவர்களைச் சுமக்கும்படி மற்றவர்களையும் தூண்டினார். பின்தங்கியவர்களுக்கு மரணமே முடிவு என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

யாலு ஆற்றங்கரையில்

கொரியாவுக்கும் சீனாவுக்கும் எல்லையாக ஓடும் யாலு ஆற்றங்கரையில் பியோக்டோங் என்ற ஊர். அங்கிருந்த 5-ஆம் எண் முகாமே அவருடைய இறுதிப் பங்காக அமைந்தது. கடுங்குளிர், கோடைக்கால உடையோடு பிடிபட்டவர் பலர். நாளொன்றுக்குக் கையளவு தினையோ உடைத்த சோளமோதான் உணவு. மருந்து இல்லை. வயிற்றுப்போக்கு, நிமோனியா, பேன் தொல்லை. அந்தக் குளிர்காலத்தில் அம்முகாமில் இறந்தோர் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். உடலைவிட மனம் முந்திச் சோர்ந்தது. சாப்பிட மறுத்துச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்த இளைஞர்கள் ஓரிரு நாளில் இறந்துபோயினர்.

இங்கேதான் விவசாயியின் மகனுடைய கைகள் உதவின. இடிந்த கட்டடங்களின் கூரைத் தகரத்தைக் கல்லால் தட்டி, ஒழுகாத பாத்திரங்கள் செய்தார். அதிகாலையில் எழுந்து சுள்ளி பொறுக்கி நீரைக் கொதிக்கவைத்து, சூடான காப்பி வந்துவிட்டது என்று வேடிக்கையாகச் சொல்லி ஒவ்வொருவருக்கும் கொடுப்பார். அது வெறும் சுடுநீர்தான். ஆனால் கொதித்த நீரைக் குடித்தவர்களுக்கு நோய் குறைந்தது. காலையில் ஒருவர் தம்மைத் தேடி வருவார் என்ற எண்ணமே பலரை எழுந்து உட்காரச் செய்தது. வயிற்றுப்போக்கால் எழ முடியாதவர்களின் உடைகளை உறைபனி நீரில் துவைத்தார். அவர்களைக் கழுவிச் சுத்தம் செய்தார். பேன் எடுத்தார். தம் கைக்கடிகாரத்தை ஒரு கம்பளிக்கு மாற்றி, அந்தக் கம்பளியை வெட்டி, பனியில் கால் விறைத்தவர்களுக்குக் காலுறை தைத்துக் கொடுத்தார். இறந்தவர்களை அடக்கம் செய்யும் வேலைக்குத் தாமாகவே முன்வந்தார்.

நல்ல கள்வனின் துணை

இரவில் காவலர் கண்ணில் படாமல் ஊர்ந்து சென்று, பகைவரின் களஞ்சியத்திலிருந்து சோளமும் உப்பும் எடுத்து வருவார். புறப்படுமுன் ஆண்டவரோடு சிலுவையில் அறையுண்ட நல்ல கள்வனாகிய புனித தீஸ்மாசிடம் வேண்டிக்கொள்வார். குருவானவர் திருடலாமா என்று நம்மில் சிலர் கேட்கக்கூடும். உயிர் போகும் நெருக்கடியில் பிறர் பொருளை எடுத்து உண்பது திருட்டாகாது என்பது புனித தோமா அக்குவினாசின் போதனை. அதைவிடக் கவனிக்க வேண்டியது, எடுத்ததை அவர் என்ன செய்தார் என்பது. பசிக்கொடுமையால் கைதிகள் கிடைத்ததை ஒளித்துவைக்கவும், ஒருவரிடமிருந்து ஒருவர் பறிக்கவும் தொடங்கியிருந்தனர். தந்தை தாம் கொண்டுவந்ததை எல்லார் முன்னும் வைத்து, இறைவனுக்கு நன்றி கூறிச் சமமாகப் பகிர்ந்தார். அதைக் கண்டவர்கள் வெட்கமுற்றுத் தாங்கள் ஒளித்துவைத்ததையும் வெளியே கொண்டுவந்தனர். பசி தீர்ந்துவிடவில்லை; ஆனால் விலங்குகளாகிக்கொண்டிருந்தவர்கள் மீண்டும் மனிதரானார்கள்.

முகாமில் செபம் தடைசெய்யப்பட்டிருந்தது. அவர் குடிசை குடிசையாக இரகசியமாய் நுழைந்து செபம் சொல்லி, ஆசீர் அளித்துவிட்டு அடுத்த குடிசைக்குப் போய்விடுவார். கத்தோலிக்கர், பிரிந்த சகோதரர், யூதர், கடவுளே இல்லை என்றவர் எல்லாரும் அவருக்காகக் காத்திருந்தனர். நீ எந்தச் சபை என்று அவர் எவரையும் கேட்டதில்லை. பொதுவுடைமைப் போதனை வகுப்புகளில் கடவுளை மறுத்துப் பேசப்பட்டபோது, கோபமின்றி, பணிவோடும் தெளிவோடும் அவர் மறுமொழி கூறினார். அச்சுறுத்தல்கள் வந்தன, அவர் அடங்கவில்லை.

அந்த உயிர்ப்புப் பெருவிழா

1951 மார்ச் 25, உயிர்ப்பு ஞாயிறு. தடையை மீறி, சூரியன் உதிக்கும் வேளையில் கைதிகளைக் கூட்டினார். அப்பமும் இரசமும் இல்லாததால் திருப்பலி நிறைவேற்ற முடியவில்லை. குருவாக இருந்தும் உயிர்ப்புப் பெருவிழாவில் திருப்பலி இல்லை என்ற அந்த வேதனையை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். நம் ஆலயத்தில் ஞாயிறுதோறும் எளிதாகக் கிடைப்பது அவருக்குக் கிடைக்கவில்லை. தோள்பட்டையை அணிந்து, ஒரு செபப்புத்தகத்திலிருந்து நம் ஆண்டவரின் பாடுகளை வாசித்தார், செபமாலை சொன்னார். எலும்பும் தோலுமாய் நின்றவர்கள், முகாமின் மற்றப் பகுதிகளில் இருந்தவர்களுக்கும் கேட்கும்படி, உரத்த குரலில் ஆண்டவர் கற்பித்த செபத்தைப் பாடினார்கள். பலர் அழுதனர். அந்த நாளைத் தப்பிப் பிழைத்தவர்கள் இறுதிவரை மறக்கவில்லை.

இறுதி நாட்கள்

சில நாட்களில் அவர் நிலைகுலைந்து விழுந்தார். காலில் இரத்தம் உறைந்து வீங்கியிருந்தது. கைதிகளாயிருந்த மருத்துவர்கள் இயன்றதைச் செய்தனர்; சற்றுத் தேறினார். பிறகு வயிற்றுப்போக்கும், அதன்மேல் நிமோனியாவும் வந்தன. மே மாதத்தில் காவலர்கள் வந்து அவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும் என்றனர். அந்த மருத்துவமனைக்குக் கைதிகள் வைத்திருந்த பெயர் சாவு வீடு. மருந்தின்றி, உணவின்றிச் சாகவிடும் இடம் அது. தோழர்கள் தடுத்தனர், காவலரோடு மோதவும் துணிந்தனர். தமக்காக யாரும் அடிபட வேண்டாம் என்று தந்தை அவர்களைத் தடுத்தார். தாம் எப்போதும் போக விரும்பிய இடத்துக்கே போவதாகவும், அங்கே சேர்ந்ததும் அவர்களுக்காக வேண்டுவதாகவும் சொல்லி ஆறுதல்படுத்தினார். தம்மைக் கொண்டுபோக வந்தவர்களை ஆசீர்வதித்தார். தூக்குப் படுக்கையில் அவரைச் சுமந்து சென்றவர்கள் தேம்பி அழுதனர். மே 23-ஆம் நாள் அங்கே அவர் உயிர் பிரிந்தது.

பங்குக்குரு மறைந்தாலும் பங்கு கலைந்துவிடவில்லை. அவருடைய செபப்புத்தகத்தைக் கொண்டு சக அதிகாரி ஒருவர் தொடர்ந்து செபம் நடத்தி வந்தார்.

யூதர் செதுக்கிய சிலுவை

தந்தை இறந்த பிறகு அம்முகாமுக்குக் கொண்டுவரப்பட்டவர் ஜெரால்டு ஃபிங்க் என்ற விமானி. அவர் ஒரு யூதர். தந்தையை அவர் கண்டதே இல்லை. ஆனால் கைதிகள் எந்நேரமும் அவரைப் பற்றியே பேசக் கேட்டார். கேட்டு, விறகுக் கட்டைகளைக் கொண்டு, கைக்குக் கிடைத்த கருவிகளால், பல மாதங்கள் உழைத்து, ஏறத்தாழ 4 அடி உயரமுள்ள பாடுபட்ட சுரூபம் ஒன்றைச் செதுக்கினார். கம்பியைத் திரித்து முள்முடி செய்தார். 1953-இல் போர் ஓய்ந்து கைதிகள் விடுதலையானபோது, அந்தச் சிலுவையைச் சுமந்துகொண்டே வெளியே வந்தனர். விச்சிட்டா நகரில் தந்தையின் பெயரால் 1956-இல் தொடங்கப்பட்ட உயர்நிலைப் பள்ளிக்கு அச்சிலுவை உரியதாயிற்று.

விடுதலையானவர்கள் சொன்ன செய்திகளால்தான் உலகம் அவரை அறிந்தது. 1954-இல் அவருடைய வரலாறு நூலாக வந்தது. அந்நூலைக் கொரிய மொழியில் பெயர்த்த குருமாணவர் ஒருவர் பின்னாளில் சியோல் பேராயராகவும் கர்தினாலாகவும் உயர்ந்தார் என்பது, இரத்தம் சிந்திய மண் நன்றி மறக்கவில்லை என்பதற்கு ஒரு சான்று.

எழுபது ஆண்டுக் காத்திருப்பு

ஈனோசும் எலிசபெத்தும் மகனின் உடலைக் காணாமலே கண்மூடினர். ஒரே தம்பியும் அப்படியே மறைந்தார். மண் போட ஓர் உடலும், மெழுகுதிரி ஏற்ற ஒரு கல்லறையும் இல்லாத துயரம் எத்தகையது என்பதைக் கல்லறைத் திருநாளில் கூடும் நாம் அறிவோம். உண்மையில் அவருடைய எலும்புகள், போருக்குப் பின் ஒப்படைக்கப்பட்ட பெயர் தெரியாத வீரர்களின் எச்சங்களோடு சேர்ந்து ஹவாய்த் தீவிலுள்ள இராணுவக் கல்லறையில் இருந்தன. 2021 மார்ச்சில்தான் அறிவியல் ஆய்வால் அவை அடையாளம் காணப்பட்டன. அதே ஆண்டு செப்டம்பரில் பில்சன் கோவிலுக்கு அவர் திரும்பி வந்தார். பீடச் சிறுவனாக நின்ற அதே கோவில். செப்டம்பர் 29-ஆம் நாள் விச்சிட்டாவில் அடக்கத் திருப்பலி நடந்தது. மறைமாவட்டப் பேராலயத்தில் அவர் அடக்கம் செய்யப்பட்டார்.

நாடும் திருச்சபையும் அவரைக் கௌரவித்தன. 2013 ஏப்ரல் 11-ஆம் நாள் குடியரசுத் தலைவர் ஒபாமா, அமெரிக்காவின் மிக உயர்ந்த வீர விருதை அவருக்கு அளித்தார். தம்பி மகன் அதைப் பெற்றுக்கொண்டார். அவர் தோளில் சுமந்த ஹெர்பர்ட் மில்லரும் முதியவராய் அங்கே அமர்ந்திருந்தார். திருச்சபை 1993-இல் அவரை இறை ஊழியர் என்று அழைத்தது. 2025 பிப்ரவரி 24-ஆம் நாள், மருத்துவமனையில் நோயோடு போராடிக்கொண்டிருந்த திருத்தந்தை பிரான்சிஸ், அவரை வணக்கத்துக்குரியவர் எனும் நிலைக்கு உயர்த்தும் ஆணைக்கு ஒப்புதல் அளித்தார். பிறருக்காக உயிரைக் கையளித்தவர் என்ற தகுதியில் அது வழங்கப்பட்டது. இந்த வழியைத் திருத்தந்தையே 2017-இல் ஏற்படுத்தியிருந்தார். வாளால் வெட்டுண்டு ஒரு நொடியில் சாட்சியானவர்களைத் திருச்சபை என்றும் போற்றி வந்துள்ளது. கணந்தோறும், சிறிது சிறிதாக, பிறருக்காகத் தங்களைக் கொடுத்துத் தீர்ந்துபோகிறவர்களும் உண்டென்பதை இவ்வழி நமக்கு எடுத்துக்காட்டுகிறது.

நம் பங்கும் அவர் பங்கும்

தந்தை கபான் முகாமில் செய்தவை எவை? தண்ணீர் காய்ச்சினார், துணி துவைத்தார், நோயாளியைக் கழுவினார், இருந்ததைப் பங்கிட்டார், செபித்தார், இறந்தவரை அடக்கம் செய்தார். இவற்றுள் நம்மால் இயலாதது ஒன்றுமில்லை. அவர் துப்பாக்கி எடுத்துச் சண்டையிட்டு வீரராகவில்லை. போகலாம் என்றபோது போகாமல் இருந்ததாலேயே வீரரானார். நடக்க முடியாதவர்கள் இருக்கும்வரை தாமும் நகர்வதில்லை என்ற அந்த ஒரு முடிவிலிருந்தே மற்றெல்லாம் பிறந்தன.

நம் பங்கிலும் கோவிலுக்கு நடந்து வர முடியாதவர்கள் இருக்கிறார்கள். படுக்கையில் கிடக்கும் முதியோர், பிள்ளைகள் தொலைவில் இருக்கத் தனித்து வாழும் பெற்றோர், குடியாலும் கடனாலும் சுவர்ப்பக்கம் திரும்பிவிட்ட மனிதர்கள், மனத்தாங்கலால் பல ஆண்டுகளாகக் கோவில் வாசலை மிதிக்காதவர்கள். விழாக் கொடி இறக்கப்பட்டு, தோரணங்கள் அவிழ்க்கப்பட்டு, தேர் கொட்டகைக்குத் திரும்பிய பிறகும் அவர்கள் அங்கேயேதான் இருப்பார்கள். நம் அன்பியங்களும், வின்சென்ட் தே பவுல் சபையும், மரியாயின் சேனையும் இந்த யூபிலியை முன்னிட்டு அவர்களில் ஒவ்வொருவருடைய வீட்டுக் கதவையும் தட்டுமானால், அதுவே தந்தை கபானுக்கு நாம் எழுப்பும் நினைவுச் சின்னமாகும்.

அவருடைய பெயர் பீட மகிமை பெறும் நாள் விரைவில் வர வேண்டுமென மன்றாடுவோம். நம் மறைமாவட்டத்தில் தேவ அழைத்தல் பெருகவும், அவரைப் போல மந்தையோடு தங்கும் குருக்கள் நம் குடும்பங்களிலிருந்து தோன்றவும், அந்த நல்ல ஆயரின் பரிந்துரையை நாடுவோம்.